தஞ்சோங் வெருவின் குறி தப்பாத பீரங்கி

எங்கள் பீரங்கி குறி தப்பியதே இல்லை. கேப்டன் மேர்ட்டன்ஸ் துரை இதைச் சொல்லாத நாளும் இல்லை. கருவிகளைச் சோதிக்க ஆள் அனுப்பட்டுமா என்று பாண்டுங் தலைமையகம் கேட்கும்போதெல்லாம், "தப்பாத பீரங்கிக்குச் சோதனை எதற்கு?" என்று பதில் போகும். அதைக் கம்பி வழியாக ஒப்பிப்பவன் நான். பெயர் பைடின், ஜாவாக்காரன், டெலிபோன் என் வேலை. துரையின் வராந்தாவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடி டச்சு அரசாங்கத்தின் பெருமையைப் பாண்டுங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தஞ்சோங் வெரு கடற்கரை முகாமில் இருந்தது ஒரே ஒரு பீரங்கி. அதற்கு 'ராணி' என்று துரை பெயர் வைத்திருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் சிப்பாய்கள் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் ராணியின் காலடியில் பூவும் ஊதுபத்தியும் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை துரை வருவதற்குள் நாங்கள் பெருக்கிவிடுவோம். குண்டு விலை அதிகம் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் சுடுவது, அதுவும் ஆகஸ்டு கடைசியில், டச்சு நாட்டு ராணியம்மாவின் பிறந்தநாளன்று. மற்ற நாட்களில் இல்லாத குண்டை வெறுங்கையால் தூக்கி, வெறுங்கையால் உள்ளே தள்ளி, "சுடு!" என்றதும் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வோம். காது பொத்துவதில் இந்தத் தீவுகளிலேயே எங்களை மிஞ்ச ஆளில்லை.

பிறந்தநாளன்று மாவட்டத்தை ஆளும் பெரிய துரை வருவார், சர்க்கரை ஆலை மேனேஜர் வருவார், இருவருடைய மனைவிமாரும் குடைகளும் ஐஸில் புதைத்த பீரும் பாண்டு வாத்தியமும் வரும். கடலில் ஒரு மூங்கில் தெப்பம் மிதக்கும், அதன்மேல் வெள்ளைத் துணி. சிவப்புக் கொடி இறங்கும், ராணி இடிப்பாள், தெப்பம் தூள்தூளாகும். எல்லோரும் கைதட்டுவார்கள். கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஹிராத்தா என்கிற ஜப்பான்காரர் குனிந்து வணங்கிவிட்டு ஒரு படம் எடுப்பார். அந்தப் படம் அடுத்த ஆகஸ்டு வரை அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும். சந்தைக்குப் போகிறபோது அதன் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நாங்களும் போவோம்.

தெப்பத்துக்குப் பொறுப்பு சார்ஜென்ட் வெலெம் ருமெங்கான். மெனாடோக்காரர், வேறு தீவு, கிறிஸ்தவர். துரைமார் மெனாடோக்காரர்களை எங்களைவிட ஒரு படி உயர்த்தி வைத்திருந்தார்கள். தூக்கத்தில்கூட அவர் அந்தப் படியை விட்டு இறங்கமாட்டார். சுடுகிற அன்று "குறியைக் கண்காணிக்க" என்று சொல்லிப் பாறை மறைவில் ஒரு படகில் உட்கார்ந்திருப்பார். அவர் கண்காணித்தது என்னவென்று எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. தெப்பத்துத் துணிக்கு அடியில் ஒரு டப்பா வெடிமருந்து இருந்தது. அதிலிருந்து நீளமாக ஒரு கயிறு வந்தது. கயிற்றின் மறுமுனை வெலெம் கையில் இருந்தது. கொடி இறங்கியதும் இழுப்பார்.

முதல் வருஷம் அப்படி இல்லையாம். குண்டு எங்கோ போய்விழ, சீமாட்டிகள் முன்னால் துரையின் முகம் வாடின கீரையாகிவிட்டதாம். அந்த வருஷத்தைத் துரை அப்புறம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெலெமுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வருஷம் டப்பா வைத்தார். மனசு கேட்காததற்குக் கையில் ஒரு பட்டை கூடியது, அப்புறம் நெஞ்சில் ஒரு வெண்கலப் பதக்கமும் ஏறியது.

ஒரு வருஷம் கொடி இறங்கியும் ராணி சுடவில்லை. மருந்து நமுத்துப்போயிருந்தது. தெப்பம் மட்டும் வெடித்துச் சிதறியது. விருந்தினர் எல்லோரும் துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆலை மேனேஜரின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அடேயப்பா, என்ன வேகம்! சத்தம்கூடக் கேக்கலையே!" கைதட்டல் எழுந்தது. துரை மீசையைத் தடவிக்கொண்டார். ஹிராத்தா படம் எடுத்தார்.

சரி, ராணி சுட்ட குண்டுகள் எங்கே போயின? எல்லோரும் தெப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் குண்டை யாரும் பார்க்கவில்லை. படகில் இருந்த வெலெம் பார்த்தார். ராணி நின்ற மேடை சதுப்பு நிலத்தில் இடப்பக்கமாக அமிழ்ந்துகொண்டிருந்தது. குண்டு இடதுபுறம் விலகி, கடலுக்குள் நீண்டிருந்த மணல்திட்டில், சர்க்கார் உப்புக் கிடங்கின் பக்கத்தில் போய் விழும். பயிற்சிக் குண்டுக்குள் மணல்தான், வெடிக்காது. சேற்றில் சொத்தென்று புதைந்துவிடும். உப்பளக்காரர்களுக்கு அன்று விடுமுறை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் குண்டு கிடங்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போனது.

டிசம்பரில் ஜப்பானோடு போர் வந்தது. ஹிராத்தா ஒரு வாரம் முன்னமே கடையைப் பூட்டிக்கொண்டு கப்பலேறியிருந்தார். துரை எங்களை வரிசையில் நிறுத்தி ஒரு பேருரை ஆற்றினார். கடைசியில் உத்தரவு வந்தது. லைன் வீடுகளில் இருக்கும் பெண்டு பிள்ளைகள் எல்லோரும் நாளைக்கே உப்புக் கிடங்குக்குக் குடிபோக வேண்டும். மூன்று முழத் தடிமன் கற்சுவர், மேலே ராணியின் பாதுகாப்பு. இதைவிடப் பத்திரமான இடம் ஜாவாவில் உண்டா?

நாங்கள் தொப்பியைத் தூக்கிக் கோஷம் போட்டோம். வெலெம் தொப்பியைத் தூக்கினார், கோஷம் வரவில்லை.

அன்று மத்தியானம் வராந்தாவுக்கு வந்து துரை முன்னால் விறைத்து நின்றார்.

"துரை, பொம்பளைங்களை மலைப்பக்கம் அனுப்பினா நல்லதுன்னு தோணுது."

"ஏன்?"

"ராணி வந்து... கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருக்காளோன்னு ஒரு சந்தேகம்."

துரை சிரித்தார். "சாஞ்சிருக்காளா? இத்தனை வருஷத்துல ஒரு தெப்பமாவது தப்பிச்சிருக்கா, வெலெம்?"

வெலெம் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேக்கிறேன். தப்பிச்சிருக்கா?"

"இல்ல, துரை."

"பின்ன என்ன? உன்னை ஒரு படி உயர்த்தச் சொல்லி எழுதியிருக்கேன். உங்க ஜாதிக்கு அதுக்கு மேல படியே கிடையாது, தெரியுமில்ல? இந்த நேரத்துல சந்தேகம் கிந்தேகம்னு வந்து நிக்காதே. பாண்டுங் காதுக்குப் போனா யாருக்கும் நல்லா இருக்காது."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டெலிபோனைத் துடைக்க ஆரம்பித்தேன்.

துரைக்குத் தெரியுமா, தெரியாதா? சுடாத பீரங்கிக்குத் தெப்பம் வெடித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு உத்தியோகம்தானே. அதில் அவர் எங்களுக்கெல்லாம் சீனியர்.

லைன் வீடுகளுக்கு நடுவில் இருந்த சுவர் வெறும் மூங்கில் பாய். பக்கத்து வீட்டில் வெங்காயம் உரித்தால் எங்கள் வீட்டில் கண் எரியும். நானும் என் மனைவி கசிராவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாய்க்கு அந்தப்புறம் வெலெம் தன் மனைவி லென்ச்சேயிடம் பேசுவது கேட்டது.

"நீ கிடங்குக்குப் போக வேண்டாம். மலையில உன் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பு."

"எந்தச் சித்தப்பா? குடிகாரன்னு வாசல்லயே நிறுத்திவெச்சுப் பேசி அனுப்பினீங்களே, அவரா?"

"அவருக்கு உடம்பு சரியில்லையாம்."

"நேத்துதான் சந்தையில பாத்தேன். ரெண்டு பேர் சாப்பாட்டை ஒரு ஆளா சாப்பிட்டுட்டு, மூணாவதுக்கு என் முகத்தைப் பாத்தாரு. உடம்புக்கு என்னவாம்?"

"சொன்னாக் கேளேன்."

"நீங்க சொல்லுங்க, கேக்கிறேன். எதுக்கு மூஞ்சி இப்படி வேர்க்குது?"

சொன்னார். டப்பா, கயிறு, சேறு எல்லாவற்றையும். கசிரா வாயில் வைத்த கவளத்தை மெல்லவில்லை. பாய்க்கு அந்தப்புறம் லென்ச்சே தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்தப் பதக்கம்?"

வெலெம் இருமினார்.

"கோயிலுக்குப் போறதுக்கு முன்னால வாரா வாரம் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சேனே."

"மெதுவாப் பேசு. சுவர் மெல்லிசு."

"என்னை மட்டும் மலைக்கு ஏத்திவிட்டுட்டு, கசிராவை அங்க படுக்க வைப்பீங்களா? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி கொண்டுவந்தவ அவ. அவ தலையில குண்டைப் போட்டுட்டு மறுநாள் இந்த வீட்டுல எப்படிச் சோறு கேப்பீங்க?"

"துரைகிட்டச் சொல்லிப் பாத்தேன்."

"என்ன சொன்னீங்க? சந்தேகம்னுதானே சொன்னீங்க? பொய்யை நிமிர்ந்து நின்னு சொன்னீங்க, நிஜத்தை மட்டும் சந்தேகம்னு சொல்றீங்களாக்கும்."

கசிரா கவளத்தைத் தட்டில் துப்பினாள். "கேட்டீங்களா? நம்மளை உப்புல போட்டுக் கருவாடாக்க இருந்தான் உங்க சார்ஜென்ட்" என்று பாயைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

மறுநாள் காலையில் லென்ச்சே கிணற்றடியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ராணி சுட்டா அது கிடங்கு மேலதான் விழும். இத்தனை வருஷமாக் கடல்ல வெடிச்சது குண்டு இல்ல, என் வீட்டுக்காரன் வெச்ச டப்பா" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை என்று கசிரா பிற்பாடு சொன்னாள்.

பெண்கள் பாய், சட்டி, கோழி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மணல்திட்டுப் பக்கம் திரும்பாமல் தேக்கங்காட்டு மலைப்பக்கம் நடந்தார்கள். நல்ல மழை. வாசலில் காவலுக்கு நின்றவன் தடியைக் குறுக்கே போட்டான்.

"உத்தரவு இல்லாம விட மாட்டேன்."

"உனக்குச் சோறு வேணுமா, உத்தரவு வேணுமா?" என்றாள் அவன் மனைவி. தடி மேலே போனது.

துரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "முன்னெச்சரிக்கையாக என் உத்தரவின் பேரில் குடும்பங்கள் மலைக்கு மாற்றப்பட்டன" என்று பாண்டுங்குக்குச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அதற்கப்புறம் நாங்கள் யாரும் வெலெம் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தையும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பொய்க் குறிகளுக்காகத் துரை கொடுத்த பீரை எல்லோரும்தான் குடித்தோம். துரையிடம் போய் நிஜத்தைச் சொல்வோமா என்று ஒருவனும் கேட்கவில்லை. பெண்கள்தான் போய்விட்டார்களே, இனி ராணி சாய்ந்தால் யாருக்கு என்ன என்று இருந்துவிட்டோம்.

மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் மழை விட்டபோது கடலில் கப்பல்கள் வரிசையாகத் தெரிந்தன. வெகுதூரம். துரை வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். வெடிக்கிற குண்டை அன்றுதான் முதல்முதலாகத் தூக்கினோம். அது கனமாக இருந்தது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சுடு!"

காதைப் பொத்தினோம். மணல்திட்டில் கிடங்கின் கூரை மேலே எழுந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு தூண் வானத்துக்குப் போனது.

"பட்டுடுச்சு!" துரை பைனாகுலரை இறக்காமல் கத்தினார். "புகையைப் பாருங்கடா!"

"துரை, அது உப்பு" என்றார் வெலெம்.

"வெள்ளைப் புகை! எண்ணெய்க் கப்பல்தான் வெள்ளையா எரியும்! பைடின், பாண்டுங்குக்குச் சொல்லு, ஒண்ணு போச்சுன்னு!"

சொன்னேன். இரண்டாவது போயிற்று என்றும் சொன்னேன். குண்டு தீரும்வரை எதிரிக் கடற்படையை மூழ்கடித்துக்கொண்டே இருந்தேன். கப்பல்கள் திசை மாறாமல், வந்த வேகத்தில், எங்களைக் கடந்து போயின. பதிலுக்கு ஒரு குண்டுகூடப் போடவில்லை. யாராவது எங்களைத் திருப்பிச் சுட்டிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ஜாவா முழுவதும் சரணடைந்தது. எங்களைப் பிடிக்க ஜப்பான்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். அதிகாரிக்குப் பக்கத்தில் இடுப்பில் வாளோடு நின்ற ஆளைப் பார்த்ததும், போட்டோவுக்கு நிற்பதுபோல நாங்கள் தன்னால் நிமிர்ந்தோம். ஹிராத்தா. இப்போது அவர் யாருக்கும் குனிந்து வணங்கவில்லை. மலையிலிருந்து பெண்கள் இறங்கிவந்து வேலிக்கு வெளியே நின்றார்கள்.

"எங்க கப்பலுங்க இந்தக் கரையை விட்டு ஏன் தள்ளிப் போச்சு தெரியுமா?" ஹிராத்தாவின் மலாய் எங்களுடையதைவிடச் சுத்தம். "நான் அனுப்பின படங்களைப் பாத்துத்தான். இந்தப் பீரங்கி தப்பாதுன்னு நான்தான் எழுதினேன். அப்பேர்ப்பட்ட பீரங்கி ஒரு கப்பலைக்கூடத் தொடாம உப்புக் கிடங்கைச் சல்லடையாக்கியிருக்கு. எங்க கைக்கு உப்பு வரக் கூடாதுன்னு செஞ்சது. சேமிப்பை அழிக்கிறவனுக்கு மரண தண்டனைன்னு விமானத்துல இருந்து நோட்டீஸ் போட்டோமே, படிச்சீங்கல்ல? யார் உத்தரவு?"

துரையின் முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் பயம் வந்தது. அப்புறம் விளக்கேற்றியதுபோல ஏதோ வந்தது. குறி தப்பிய கேப்டன் என்று இருந்தவருக்கு, எதிரிக்கு ஒரு கல் உப்பு விட்டுவைக்காத வீரர் என்று யாரோ வழியைத் திறந்துவிட்டிருந்தார்கள். வழியின் கோடியில் துப்பாக்கிகள் நின்றன. அதனால் என்ன? குதிகாலைச் சேர்த்துத் தட்டினார்.

"என் உத்தரவு. என் ஆட்கள் அதைக் குறி தப்பாமல் நிறைவேற்றினார்கள்."

ஹிராத்தா மொழிபெயர்த்தார். அதிகாரி மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, துரையிலிருந்து கடைசி ஆள் வரை ஒரே வீச்சில் கையைக் காட்டினார். எல்லோரும் என்று அர்த்தம். வீரனாகச் சாக விருப்பமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

வேலிக்கு அப்பால் கசிரா ஓவென்று அழுதாள். லென்ச்சேயின் குரல் அதற்கு மேலே வந்தது. "சொல்லுங்களேன்! இப்பவாவது வாயைத் திறங்க!"

வெலெம் ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஐயா, நாசவேலை எல்லாம் இல்ல. கப்பலைத்தான் சுட்டோம். தப்பிடுச்சு."

"பொய்!" துரை கத்தினார். "சாவுக்குப் பயந்து உளர்றான்!"

"எங்களுக்குச் சுடத் தெரியாது, ஐயா. தெப்பத்துல டப்பா வெச்சுக் கயிறு கட்டி இழுத்தது நான். நீங்க எடுத்த படம் எல்லாம் அந்த டப்பாதான்."

ஹிராத்தாவுக்குக் காது சிவந்தது. அந்தப் படங்களுக்காகக் கிடைத்த வாள்தானே இடுப்பில் தொங்கியது. உண்மை வேண்டாதவர் ஒருவருக்கு இருவராகிவிட்டார்கள். அதிகாரி என்னவென்று அதட்டினார். ஹிராத்தா தயங்கித் தயங்கி, வெலெம் சொன்னதில் கால்வாசி நீளத்தில் மொழிபெயர்த்தார்.

அதிகாரி ராணியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். துறைமுக வாயிலில் மிதந்த சிவப்பு மிதவையைக் காட்டி ஏதோ சொன்னார்.

"அதைச் சுடுங்க" என்றார் ஹிராத்தா. "பட்டுச்சுன்னா நீங்க சொன்னது பொய், எல்லாரையும் இங்கேயே நிறுத்திச் சுடுவோம். படலேன்னா பிழைச்சீங்க. வேணும்னே தப்பா வைக்கலாம்னு பாக்காதீங்க. எங்க பீரங்கி ஆள் பக்கத்துல நிப்பான்."

மணல் குண்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதை ஏற்றினோம். வேலி ஓரம் கசிரா கண்ணை மூடிக்கொண்டு, "தாயே ராணி, தப்பிடு, உனக்கு ஒரு சேவல் தரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மற்ற பெண்களும் அதையேதான் வேண்டினார்கள். புருஷன் கை தவறவேண்டும் என்று இத்தனை மனைவிமார் ஒரே நேரத்தில் வேண்டியது எந்தப் பட்டாளத்திலும் நடந்திருக்காது.

வெலெம் குறிபார்க்கும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். துரை அவர் காதருகே குனிந்தார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. கெஞ்சல்.

"வெலெம். ஒரே ஒரு தடவை. நிஜமா."

வெலெம் மிதவையைக் குறிக்குள் கொண்டுவந்தார். கை பீரங்கியைத் திருப்பும் சக்கரத்தின் மேல் நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல, வலப்பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தது.

ராணி எவ்வளவு இடது தள்ளுவாள் என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த அளவுக்கு வலது போனால் மிதவை செத்தது. அதோடு நாங்களும். எங்கள் அத்தனை பேர் உயிரும் அந்தச் சக்கரத்தில் இருந்தது அவருக்குத் தெரியும். இருந்தும் கை திரும்பிக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது பட்டுவிடாதா என்று அந்தக் கைக்கு இருந்தது.

பக்கத்தில் நின்ற ஜப்பான்காரன் குனிந்து பார்த்தான். குறி மிதவையை விட்டு விலகியிருந்தது. வேண்டுமென்றே தப்பாக வைக்கிறான் என்று நினைத்து வெலெம் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான். அவரைத் தள்ளிவிட்டுச் சக்கரத்தைத் தானே திருப்பி, மிதவைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

ராணி இடித்தாள். மணல்திட்டில் கிடங்கின் மிச்சச் சுவர் சரிந்தது. சிவப்பு மிதவை அலையில் தலையாட்டிக்கொண்டிருந்தது.

சைக்கிள்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். ஹிராத்தா வேறு பக்கம் பார்த்தார். துரை கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார், அவசரமில்லாமல், விரல் விரலாக. பெண்கள் அழுகையும் சிரிப்புமாக வேலியில் மோதினார்கள்.

எங்களைக் கைதிகளாக நடத்திக்கொண்டு போகும்போது பெண்கள் இலைப் பொட்டலத்தில் சோறு கொடுக்க விட்டார்கள். கசிரா என் கையைப் பிடித்துக்கொண்டு சேவல் எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெலெம் எனக்கு அடுத்து நின்றார். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. இத்தனை பேரைக் காப்பாற்றியவர் என்று யாரோ அவர் முதுகில் தட்டினார்கள்.

லென்ச்சே பொட்டலத்தோடு வந்தாள். அதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"வலப்பக்கம் எதுக்குத் திருப்பினீங்க?"

அவர் பொட்டலத்துக்காகக் கையை நீட்டினார்.

"அவன் அறையலேன்னா?" என்றாள். குரல் கிணற்றடியில் கேட்டதுபோல இல்லை, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

காவலன் நகரச் சொன்னான். அவள் பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வெகுதூரம் நடந்த பிறகும் வெலெம் அதைப் பிரிக்கவில்லை.